வரப்பு வரைபடத்தில் இருக்கிறது

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால பேசின மீனவத் தோழர் ஒரு கேள்வி கேட்டார். "கடற்கரை ஒழுங்குமுறை விதி எங்க பாடு. உப்பு வாருற உங்களுக்கு இதுல என்ன வேலை?" கேலியாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். அவருக்குப் பதில் சொன்னால் என் பேச்சு முடிந்தது.

1991 பிப்ரவரி 19இல் மத்திய அரசு முதல் அறிவிக்கையைப் போட்டது. கடல் ஏறி வந்து நிற்கிற கோடு, அதுதான் உயர் அலைக் கோடு. அங்கிருந்து 500 மீட்டருக்கு இன்னது செய்யலாம், இன்னது கூடாது என்றது. 2011இல் புது அறிவிக்கை, 2019 ஜனவரி 18இல் மறுபடியும் ஒன்று. ஊராட்சிப் பகுதியில் ஜனநெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால், கட்டடமே கூடாது என்றிருந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. அந்த 150 மீட்டரில் யார் வீடு கட்டுவார் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருதரம் பஸ்ஸில் போய் வந்தாலே தெரிந்துவிடும். குப்பத்துக்காரர் கட்டப் போவதில்லை.

2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் இதற்கான மேலாண்மைத் திட்ட வரைபடத்தின் மேல் கருத்துக் கேட்டார்கள். எங்க குப்பம் எங்கே, வலை காயப்போடுற இடம் எங்கே என்று மீனவ மக்கள் மேடையேறிக் கேட்டார்கள். கேட்க முடிந்தது ஏன்? விதியிலேயே எழுதியிருக்கிறது: மீனவ கிராமங்களைக் குறிக்கணும், மீன் காயவைக்கும் இடத்தைக் குறிக்கணும், ஐஸ் ஃபேக்டரியைக்கூடக் குறிக்கணும். அது அவர்கள் போராடி வாங்கியது. நாம் அதை மதிக்கிறோம்.

அதே விதியில் உப்பு வாருபவர் எங்கே? உப்பு எடுக்கலாம் என்று தொழிலுக்கு அனுமதி இருக்கிறது. தொழிலாளிக்குக் குறியீடு இல்லை. பாத்தி ஓரத்துக் கொட்டகையை, குடிதண்ணீர் எடுக்கிற இடத்தை, நம்ம காலனியைக் குறிக்கச் சொல்லி ஒரு வரி கிடையாது.

இப்போ முக்கியமானதுக்கு வர்றேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 2019 அறிவிக்கையின் வழிகாட்டு முறையில் ஒரு வாசகம் இருக்கிறது. 1991 பிப்ரவரி 19க்கு முன்பே கட்டிய வரப்போ மதகோ இருந்தால், உயர் அலைக் கோடு அந்த வரப்போடு நின்றுவிடும். நம்ம அளத்து வரப்பெல்லாம் எப்போது போட்டது? நம்ம பாட்டன் காலத்தில். ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, ஒவ்வொரு வருஷமும் நாமே மண் சுமந்து மிதித்துக் கட்டிய வரப்பு. இந்த வாசகத்தை அந்த வரப்புக்குப் பொருத்தினால் கோடு அங்கேயே நிற்கும். அதற்கு இந்தப் பக்கம் கடல் இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் குத்தகையைப் புதுப்பிக்காமல் நாலு வருஷம் போட்டு வைத்தால் போதும், உப்பளம் 'காலி மனை' ஆகும். மரக்காணத்து அளங்கள் 3,000 ஏக்கருக்கு மேல். பெரும்பகுதி அரசாங்க நிலம், குத்தகையில் ஓடுவது. அதில் வேலை செய்கிற நமக்குப் பட்டாவும் இல்லை, குத்தகைச் சீட்டும் இல்லை. வரப்பு வரைபடத்தில் இருக்கிறது, வரப்பு போட்டவர் இல்லை.

பயம் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். பம்பாயில் 2024இல் தாராவி மறுசீரமைப்புக்கென்று சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை மகாராஷ்டிர அரசு ஒதுக்கியது. தாராவியில் இருப்பது யார்? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப்போன நம்ம ஜனங்கள் எத்தனை ஆயிரம் பேர்! தாராவி நிலம் கட்டடக்காரர்களுக்கு, தாராவி ஜனத்தில் ஒரு பகுதி உப்பளத்துக்கு. உப்பளத்தில் வேலை செய்தவர் எங்கே போவார் என்பது அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படவே இல்லை.

நமக்கு ஆதரவாக ஒரு எழுத்தும் இல்லையா? இருக்கிறது. இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நாகைப் பக்கத்து நிலமற்ற தலித் கூலிகளோடு நின்று சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு. விவசாய நிலம், சதுப்பு நிலம், கிராமப் பொது நிலம் இவற்றோடு 'உப்பள நிலம்' என்று பேர் சொல்லியே, இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. மூடப்படும் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு ஆறு வருஷக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. நிலத்தையும் தொழிலாளியையும் ஒன்றாகப் பார்த்த எழுத்து அது. பிறகு 2005 சட்டமும் 2023 திருத்தமும் இறாலுக்குக் கரையைத் திறந்துவிட்டன, அது வேற கதை.

இன்னொன்று. 1892இல் டிரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி நம்ம பேருக்கே, விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு, பஞ்சமி நிலம் எழுதப்பட்டது. தாளில் இருந்த அந்த நிலத்தையே கைமாற விட்டோம். அதை மீட்கக் காரணையில் இறங்கியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். காரணை தூரத்தில் இல்லை, இதே கடற்கரைச் சாலைப் பக்கம்தான். தாளில் இருந்ததற்கே அந்த விலை என்றால், தாளிலேயே ஏறாத உப்பளக் கூலிக்கு என்ன கதி?

இது சாதி பார்க்காத பிரச்சினை, எல்லோரும் சேர்ந்து நிற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சேர்ந்து நிற்கத்தான் வேணும். பாத்தியில் தலித்தும் நிற்கிறார், வன்னியரும் நிற்கிறார். ஆனால் 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் எரிந்தது யார் வீடு என்பதை மறந்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். நினைவோடுதான் வருவோம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை கிடையாது. அந்த மூணு மாசத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று மாநில அரசு 2021இல் அறிவித்தது. அது சும்மா பணமில்லை. அந்தப் பட்டியலில் யார் பேர் இருக்கிறதோ அவர் உப்பளத் தொழிலாளி என்பதற்கு அரசாங்கக் கையெழுத்து இருக்கிறது. அதை வாங்குங்கள். விடுபட்டவர்கள், முக்கியமாகப் பெண்கள், யார் யார் என்று தெருத் தெருவாக எழுதுங்கள். எந்தப் புல எண்ணில், எத்தனை வருஷமாக வேலை, குடிதண்ணீர் எங்கே, காலனிக்குப் போற பாதை எது என்று பக்கத்திலேயே குறியுங்கள். வரைபடத்தைத் தமிழில், புல எண் தெரிகிற அளவில் தரச் சொல்லி ஆட்சியருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். மீனவத் தோழரே, நீங்களும் அதில் கையெழுத்துப் போட வேணும். உங்கள் மனுவில் நாங்கள் போடுகிறோம்.

நோட்டுகள் பின்வரிசையில் இருக்கின்றன. நாளைக்கு விடியற்காலை நாலு மணிக்கு, வேலைக்கு இறங்குமுன், முதல் அளத்தில் ஆரம்பிக்கிறோம்.