பாதியில் நிறுத்தினால்?



போன மாதம் மகளின் தேர்வு விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். புகைப்படம் ஏற்ற வேண்டிய இடத்தில் கைதவறி வேறு ஏதோ பெரிய கோப்பை ஏற்றிவிட்டேன். பதறிப்போய் ‘ரத்து செய்’ என்ற பொத்தானை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரை வெளுத்து, அரைமணி நேரம் நிரப்பியதெல்லாம் போய்விட்டது. “அவசரப்பட்டுட்டீங்கப்பா” என்றாள் மகள். அவசரம் என்னுடையதுதான். ஆனால் பொத்தான் என்று ஒன்றை வைத்தவர்கள் அதற்கு வேலை செய்யத் தெரியவும் வைத்திருக்க வேண்டும்.

திரையைத் தனியாகவும் உள்வேலையைத் தனியாகவும் பிரித்துவிட்டால் போதும், பயன்படுத்துவோர் குறை சொன்னால் திரையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மென்பொருள் கட்டுவோர் வெகுகாலம் நம்பினார்கள். பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு என்றால் சரி. ரத்து செய்யும் வசதி அந்தக் கணக்கில் சேராது என்று, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லென் பாஸ், போனி ஜான் முதலியோர் 2001-ல் ஓர் அறிக்கையில் எடுத்துக்காட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே நம் சொல்லைக் கேட்க ஒரு காது திறந்திருக்க வேண்டும். முன்பு இருந்த நிலை எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும். பிடித்துவைத்த நினைவகத்தை விடுவிக்க வேண்டும், கூட வேலை பார்க்கும் மற்றப் பகுதிகளுக்கும் சேதி போக வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே திட்டமிடாவிட்டால், பூசி வண்ணமடித்த சுவரை உடைத்து வயர் இழுத்த கதைதான்.

ஜிமெயிலில் அனுப்பிய மடலை நிறுத்தும் வசதி உண்டல்லவா? போன மடல் அங்கே திரும்பி வருவதில்லை. நாம் தேர்ந்தெடுத்தபடி 5 நொடியிலிருந்து 30 நொடிவரை, அனுப்பாமலே பிடித்து வைத்திருக்கிறார்கள். மனிதர் கை தவறும் என்று முன்கூட்டியே நினைத்த அந்தப் பரிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அலுவலகத்துக்கோ கடைக்கோ மென்பொருள் செய்யக் கொடுக்கும் நேயர்களே, திரையின் அழகைக் காட்ட வரும்போது, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதல் நாளே கேளுங்கள். அன்று கேட்டால் செலவு குறைவு.