கைக்குள்ளே ஒரு விளக்கு



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோலைத் தரம் பிரிக்கும் பெரியவர்களின் வேலையை, இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் அருகிருந்து கண்டிருப்பீர்கள். பதனிட்ட தோலை மேசைமீது விரித்து, சன்னல் வெளிச்சம் அதன்மேல் சாய்ந்து விழும்படி திருப்பி, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, உண்ணி கடித்த வடுவையும் முள் கீறிய கோட்டையும் கண்டுவிடுகிற அந்த வித்தை, புத்தகம் படித்து வருவதன்று. வெளிச்சத்தை ஏந்தத் தெரிந்தவனுக்குத் தோல் தன் ரகசியத்தைச் சொல்லிவிடும். அந்தப் பாடத்தைத்தான் இன்றைய வைத்திய சாஸ்திரம் உயிருள்ள மனிதக் கையினிடத்தில் பயின்றுகொண்டிருக்கிறது.

விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் புறப்படுகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மகளுக்குச் சடை பின்ன உட்கார்ந்தால் விரல் மடங்குவதில்லை. தூக்குச்சட்டியின் மூடியைத் திருகக் கை வருவதில்லை. ஆனால் பொழுது ஏற ஏற விறைப்புத் தளர்ந்து, ஷூவின் மேல்தோலைத் தைக்கும் மிஷினில் எல்லாரையும்போல் அவளும் வேலை செய்துவிடுவதால், வீட்டில் சொன்னால் களைப்பு என்கிறார்கள், எக்ஸ்ரே எடுத்தாலோ எலும்பில் குறை ஒன்றும் இல்லை என்றே வருகிறது. முடக்குவாதத்தின் ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான். உடலைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற இந்த ரோகம், ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பீடிப்பது. முதல் சில மாதங்களிலேயே கண்டு மருந்து தொடங்கினால் கையைக் காப்பாற்றலாம், எலும்பு அரிபட்ட பிறகு கண்டாலோ இழந்ததை மீட்க முடிவதில்லை. வேறொரு நோயான சிக்குன்குனியா 1964-ல் இவ்வேலூரிலும் 2006-ல் தமிழகமெங்கும் பரவியபோது, ஜுரம் தணிந்த பின்னும் மாதக்கணக்கில் மூட்டுவலியால் வருந்தியவர்கள் அனேகர். ஆகவே மூட்டின் துயரம் நமக்குப் புதிதன்று. அதைக் காலத்தில் காண்பதே அரிதாக இருந்தது.

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடி, விரல்கள் செக்கச்செவேலென்று ஒளிர்வதைக் கண்டு நீங்கள் சிறுவயதில் வியந்திருப்பீர்கள். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தசையைக் கடந்து வெளியே வருவதன் விளைவு அது. ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பு, அகச்சிவப்புக் கிரணங்களுக்கு நம் உடல் ஓரளவு வழிவிடுகிறது. ஆரோக்கியமான விரல்மூட்டில் தெளிந்த நீர் இருக்கிறது. அழற்சி கண்ட மூட்டில் நீர் கலங்குகிறது, சவ்வு தடிக்கிறது, புதிய இரத்தக் குழாய்கள் கிளைக்கின்றன. எனவே ஒருபுறம் செலுத்திய ஒளி மறுபுறம் குறைந்தும் சிதறியும் வருகிறது. அந்தச் சிதறலைக் கணிதத்தால் படமாக்கினால், எலும்பு கெடுமுன்னரே மூட்டுக்குள் மூண்ட நெருப்பைக் காண முடியும். இதில் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு இல்லையாதலால், மருந்து வேலை செய்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்கவும் தடையில்லை. விளக்கே இல்லாமல், உடல் தானாக வெளியிடும் வெப்பக் கிரணங்களைப் படம்பிடிக்கும் முறையும் உண்டு. சென்னையை அடுத்த காட்டாங்குளத்தூரில், எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முடக்குவாத நோயாளிகளின் கைகளை அவ்வாறு படமெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவை தேர்ந்த வைத்தியரின் விரல் தொட்டறிவதற்கு மாற்றாக வந்தவையல்ல. இன்னும் பரிசோதனையின் படிகளில் ஏறிக்கொண்டிருப்பவை. அதிலும் நமக்கென்றே ஒரு கடமை காத்திருக்கிறது. தோலுக்குக் கருமை தரும் மெலனின் ஒளியை விழுங்குவது. வெளிர்நிறக் கைகளில் மட்டும் அளந்து பார்த்த கருவி கரிய கைகளில் பிழைபடலாம். நாடித்துடிப்போடு இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியிலேயே அத்தகைய பிழை வெளிப்பட்டிருக்கிறது. எனவே பௌதிகமும் கணிதமும் பயின்ற உங்களை வேண்டுகிறேன்: இக்கருவிகளை நம் மக்களின் நிறத்தில், உழைத்துக் காய்த்த நம் மக்களின் கைகளில் சோதித்துத் திருத்துங்கள்.

கைகளைப் பேணுவதில் இவ்வூருக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியப் பணி பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்த இதே வேலூரில், 1946-ல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தி, அக்கைகள் மறுபடி தொழில் செய்யும்படி ஆக்கினார். மடங்கிய பின் நிமிர்த்தியவர் அவர். மடங்குமுன் காப்பது உங்கள் தலைமுறையின் பொறுப்பாகட்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. தோலின் குறையைக் கண்டவர் அதைக் கீழ்த்தரத்தில் ஒதுக்கி வைக்கிறார். அது வியாபார தர்மம். நாளை கம்பெனி வாசலிலேயே ஒரு கருவி வந்து, இந்தப் பெண்ணின் மூட்டில் வியாதி முளைத்திருக்கிறது என்று காட்டுமாயின், அவளையும் அப்படி ஒதுக்கிவிடலாம் என்று எண்ணுகிறவர் இருக்கக்கூடும். அந்த இடத்தில் நீங்கள் எந்தப் பதவியில் அமர்ந்திருந்தாலும், வெளிச்சம் அவளைக் கழிப்பதற்கு வந்ததன்று, அவள் வலியை நம்புவதற்கு வந்தது என்று துணிந்து சொல்லுங்கள். அவளுக்கு மருந்தும் ஓய்வும் கிடைத்து, மகளின் சடையை அவள் மீண்டும் தன் கையாலேயே பின்னுகிற நாளில், இன்று நீங்கள் வாங்கும் பட்டம் நிறைவு பெறும். வாழ்க, வளர்க.