பனி பெய்யாத கரையில் பனிமய மாதா

நெய்தல் நில மக்களைப் பற்றிப் பேசப் புகுந்தால் நாம் பெரும்பாலும் சங்க இலக்கியத்தோடு நின்றுவிடுகிறோம். முழுமதி நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அப்பெயரைத் தாங்கிய மக்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்பதில்லை. அவர்களில் ஒரு சிறு பகுதியினர் நமது கொழும்பிலேயே வாழ்கிறார்கள். இலங்கையில் அவர்களைப் பரதர் என்கிறோம்.

தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்ப்பித்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று கற்பித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்த மக்களுக்காகவே ஆக்கப்பட்டது. தமிழ் அச்சு நூலின் முதல் வாசகர்கள் கடலோடிகள் என்பதை நமது இலக்கிய வரலாறுகள் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை.

இம்மக்களின் தாய் பனிமய மாதா. அந்தப் பெயரின் ஊற்று இத்தாலியில் உள்ளது. ஆகஸ்ட் மாதக் கடும் வெயிலில் உரோமையின் குன்றொன்றில் பனி பெய்ததாகவும், அவ்விடத்திலேயே மாதாவுக்குக் கோயில் எழுந்ததாகவும் ஐதீகம். அதன் நினைவு நாள் ஆகஸ்ட் 5. பனியையே காணாத, உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியில் அதே நாளில் பெருவிழா நடக்கிறது. வணிகத்தின் பொருட்டுக் கொழும்புக்கு வந்த பரதர் இந்த அன்னையையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டே கடல் கடந்தனர்.

அவர்கள் வந்து சேர்ந்த கொட்டாஞ்சேனைப் பகுதியிலும் இத்தாலியின் சாயல் இருந்தது. பேராலயத்தின் பாதுகாவலியான புனித லூசியா சிசிலித் தீவின் சிராக்கூசா நகரத்தவள். கொச்சிக்கடை அந்தோனியார் லிஸ்பனில் பிறந்தாலும் 1231இல் பதுவைக்கு அருகில் மறைந்தவர். ரிமினிக் கரையில் அவர் பிரசங்கம் செய்தபோது மீன்கள் தலை நீட்டிக் கேட்டன என்பது கதை. கொச்சிக்கடைக்கும் ஒரு கடற்கதை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கடலரிப்பால் வருந்திய மீனவர், கொச்சியிலிருந்து வந்த குருவிடம் முறையிட்டனராம். அவர் செபித்ததும் கடல் பின்வாங்கியதாம். சமய வேறுபாடின்றி அங்கே செவ்வாய்க்கிழமைகளில் மக்கள் திரள்கின்றனர். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பின் பின்னரும் அந்த வழக்கம் அறுபடவில்லை.

கோயில்கள் நிற்கும். பாட்டு நிற்குமா என்பதுதான் எனது கவலை. கோவாவிலிருந்து 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், கத்தோலிக்கருக்குத் தடையிருந்த ஒல்லாந்தர் ஆட்சியில், சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவது. அது பாதி உரைநடை, பாதி ஒப்பாரி. எழுத்து அச்சில் உண்டு. அந்த இராகம் முதியவர்களின் தொண்டையில் மட்டுமே உண்டு.

பரதரை 2001ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பு தனி இனத்தவராகப் பதிந்தது. பெர்னாண்டோ, மொத்தா, கொறேரா என்ற பெயர்கள் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் பல வீடுகளில் பேச்சு ஆங்கிலமாகவோ சிங்களமாகவோ மாறிவிட்டது. தமிழில் செபிக்கத் தெரிந்த பாட்டியும், அது விளங்காத பேரப்பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள். இதற்காக எவரையும் குறை சொல்ல முடியாது. பிழைப்புக்கு ஏற்ற மொழியைத்தான் மனிதர் தேடுவர்.

எனினும் புலம்பெயர்ந்தோர் தம் வழிபாட்டை எளிதில் விடுவதில்லை. இன்று சிசிலியின் பலெர்மோவில் வாழும் நம்மவர், இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக, மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்குகிறார்கள். உரோமையின் பனி தூத்துக்குடிக்கு வந்தது. நமது நேர்த்திக்கடன் இத்தாலிக்குப் போயிருக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், அடுத்த தவக்காலம் வரை காத்திராமல் அவர் குரலைப் பதிவு செய்து வையுங்கள். நெய்தல் திணையின் கடைசிப் பக்கங்களில் ஒன்று அந்தக் குரலில்தான் இருக்கிறது.