பேருந்து காலியாக ஓடியது

போக்குவரத்து என்றதும் நமக்குச் சக்கரமும் சாலையும் நினைவுக்கு வருகின்றன. எந்திரத்தின் வேகத்தை எண்ணி வியக்கிறோம். ஆனால் எவர் எந்தத் தெருமுனையில் நிற்பார், எத்தனை மணிக்கு நிற்பார், எத்திசை நோக்கிச் செல்வார் என்று கணக்கிட்டு வைத்திருப்பவர் எவரோ, அவர் கையில்தான் நகரத்தின் போக்குவரத்து இருக்கிறது. ஏழையின் நாட்கூலியும் அவர் கையில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டு, 381 நாட்கள் ஒரு நகரத்தை வேறு வழியில் இயக்கிக் காட்டிய மக்களைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம். அதன் தலைநகர் மாண்ட்கமரி. 1955ஆம் ஆண்டில் அந்நகர மக்களில் ஏறத்தாழ ஐவருக்கு இருவர் கறுப்பினத்தார். பேருந்தில் செல்வோரிலோ நால்வருக்கு மூவர் அவர்களே! பேருந்து நிறுவனம் பிழைத்ததே அவர்கள் தந்த காசில்தான். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா?

வண்டியில் 36 இருக்கைகள். முன்வரிசையில் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு என்று ஒதுக்கப்பட்டவை. வெள்ளையர் ஒருவரும் ஏறாத வண்டியிலும் அவை வெறுமையாகவே கிடக்கும், கறுப்பினத்தார் அருகே நின்றுகொண்டே செல்வர். பின்னே 10 அவர்களுக்கு. நடுவில் உள்ள 16 இருக்கைகளில் அமரலாம். ஆனால் ஓட்டுநர் எழு என்றால் எழ வேண்டும். முன்வாயிலில் ஏறி 10 சென்ட் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்திய பின், கீழே இறங்கி, பின்வாயிலுக்கு நடந்து சென்று மீண்டும் ஏற வேண்டும். அவர் நடந்துகொண்டிருக்கும்போதே வண்டியைக் கிளப்பிச் சென்றுவிடும் ஓட்டுநர்களும் உண்டு. காசு பெட்டியில், காசு கொடுத்தவர் தெருவில்!

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. கடையொன்றில் தையல் வேலை செய்துவந்த ரோசா பார்க்ஸ் அம்மையார் எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார். களைத்துப்போன ஒரு பெண் தற்செயலாக மறுத்தார், புரட்சி தானாக வெடித்தது என்று கதைபோலச் சொல்லுவார்கள். நம்பாதீர்கள். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்கு அந்நகரில் செயலாளராக இருந்தவர் அவர். அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே குற்றத்துக்காகக் கைதானாள். அதற்கும் முன், 1954 மே மாதத்திலேயே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை நகர மேயருக்குக் கடிதம் எழுதி, இந்நிலை மாறாவிடில் பேருந்தைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவே அந்த ஆசிரியை கல்லூரியின் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் விடிய விடியத் துண்டறிக்கைகளை ஓட்டினார். ஆயிரக்கணக்கில் அவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. டிசம்பர் 5, திங்கட்கிழமை, பேருந்துகள் காலியாக ஓடின.

அன்றிரவு ஹோல்ட் தெரு மாதாகோயிலில் மாபெரும் கூட்டம். 26 வயதே நிரம்பிய மார்ட்டின் லூதர் கிங் அங்கே ஆற்றிய உரையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் மறுநாள் காலை வேலைக்கு எப்படிப் போனார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கூட்டம் கலைந்தால் கொடியைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடும் நாம்கூடக் கேட்பதில்லை!

நகரத்தின் ஒரு கோடியில் குடியிருப்பு. மறு கோடியில் வெள்ளையர் வீடுகள். அங்கே காலையில் அடுப்பு மூட்டவும், குழந்தையைக் குளிப்பாட்டவும், துணி வெளுக்கவும் போக வேண்டிய பெண்கள் பல்லாயிரம் பேர். ஒருநாள் நடப்பார்கள், ஒரு வாரம் நடப்பார்கள். ஒரு மாதம்? வேலை போனால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் எந்தக் கொள்கையும் எத்தனை நாள் நிற்கும்?

முதலில் கறுப்பினத்தாரின் டாக்சிகள் கைகொடுத்தன. பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றிச் சென்றன. ஆட்சியாளர் விடுவார்களா? டாக்சிக்குக் குறைந்த கட்டணம் 45 சென்ட் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. தூசி தட்டி எடுத்தார்கள். ஏழையிடம் ஏன் குறைவாக வாங்கினாய் என்று தண்டிக்க ஒரு சட்டம்! அந்த வாயில் அடைபட்டது.

கிங் தொலைபேசியில் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரை அழைத்தார். அங்கே 1953 ஜூன் மாதத்தில் இதேபோன்ற புறக்கணிப்பை நடத்திய ஜெமிசன் என்ற பாதிரியார், சொந்தக் கார்களை ஒன்றுதிரட்டி மக்களை ஏற்றிச் சென்ற முறையை விளக்கினார். மாண்ட்கமரியில் போக்குவரத்துக் குழு அமைந்தது. அதன் முதல் தலைவர் ரூபஸ் லூயிஸ். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானும் வெகுநாள் கழித்தே அறிந்தேன்.

ஏறத்தாழ 300 கார்கள் சேர்ந்தன. கார் இருந்தால் போதுமா? தெருத் தெருவாக நடந்து கடிதம் கொடுத்துப் பழகிய அஞ்சல் ஊழியர்களை அழைத்தார்கள். நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். படத்தை விரித்தார்கள். காலையில் மக்களை அனுப்பிவைக்க 48 நிலையங்கள், மாலையில் திரும்ப ஏற்றிவர 42 நிலையங்கள். பெரும்பாலும் குடியிருப்புகளில் மாதாகோயில்களே காலை நிலையங்கள். குளிரில் காத்திருக்க ஓர் இடம் வேண்டுமன்றோ? நகர நடுவே கறுப்பினத்தார் நடத்திய கார் நிறுத்துமிடம் ஒன்று வண்டி மாறும் சந்திப்பாயிற்று. தொழிலாளர் ஓட்டினர், பேராசிரியர் ஓட்டினர், பாதிரிமாரும் ஓட்டினர். பின்னர் மாதாகோயில்கள் தம் பெயரிலேயே பெரிய கார்களை வாங்கின. கோயிலின் பெயர் எழுதிய கார்கள் தெருவெங்கும் ஓடியதால், உருளும் கோயில்கள் என்றே அவற்றுக்குப் பெயர். கடையில் வேலை இழந்த ரோசா பார்க்ஸ் சில காலம் இந்த ஏற்பாட்டில் அமர்ந்து, எங்கே ஆள் காத்திருக்கிறது, எந்தக் காரை அனுப்புவது என்று பார்த்து அனுப்பும் பணியைச் செய்தார். வரலாற்றில் இடம்பெற்றுவிட்டோமே என்று ஓய்ந்துவிடவில்லை அவர்!

பெட்ரோலுக்குப் பணம்? வெளியூர்களிலிருந்து நன்கொடை வந்தது உண்மை. அதற்கு முன்பே ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி, அண்டை அயல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கோழி பொரித்து, கேக் சுட்டு விற்றுப் பணம் சேர்த்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்பது விடை; கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் வேலை போய்விடும். அந்தக் குழுவுக்கே எங்கிருந்தும் வராதோர் சங்கம் என்று பெயர் வைத்தார்கள்!

வேடிக்கை ஒன்றும் உண்டு. வேலைக்காரியை வீட்டு எஜமானியே காரில் அழைத்துவருவதாகக் கேள்விப்பட்ட மேயர், அதை நிறுத்துங்கள் என்று வேண்டினார். அப்படியானால் மேயர் வந்து எங்கள் வீட்டில் துணி துவைக்கட்டும் என்ற பொருளில் பதில் கிடைத்தது. இதை நன்மனம் என்று முழுதும் நம்பவும் வேண்டாம், தன்னலம் என்று தள்ளவும் வேண்டாம். உழைப்பவள் வராத வீடு ஓடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காலியாக ஓடிய நிறுவனம் 1956 ஜனவரியில் கட்டணத்தை 10 சென்ட்டிலிருந்து 15 ஆக உயர்த்தியது. ஏறுவோர் இல்லாத வண்டிக்கு எக்கட்டணமானால் என்ன? அம்மாதமே 25 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாத தெருவில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று கிங் கைதானார். நான்கு நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு வெடித்தது. பிப்ரவரியில், 1921ஆம் ஆண்டுப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின்கீழ் 89 பேர்மீது குற்றச்சாட்டு. எதற்கும் கார்கள் நிற்கவில்லை.

பிறகு மிக அமைதியாக ஒரு தாக்குதல் வந்தது. கார்களுக்கான காப்பீட்டை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ரத்து செய்தன. காப்பீடு இல்லாத வண்டியை ஓட்டினால் ஏற்பாடே குலையும். குண்டைவிடக் கூர்மையான ஆயுதம் அந்தக் காகிதம், தோழர்களே! அட்லாண்டா நகரத்துக் கறுப்பின முகவர் ஒருவர் வழியாக இலண்டன் லாயிட்ஸ் காப்பீட்டைப் பெற்று வண்டிகளைக் காத்தார்கள்.

இறுதியில் நகர ஆட்சி நீதிமன்றத்துக்குப் போய், இந்தக் கார் ஏற்பாட்டையே தடை செய்யக் கோரியது. 1956 நவம்பர் 13 அன்று தடை கிடைத்தது. அதே நாளில் வாஷிங்டனிலிருந்து செய்தி வந்தது: பேருந்தில் நிறப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது! வழக்குத் தொடுத்தவர்களுள் அந்த மாணவி கால்வினும் ஒருத்தி.

ஆனால் உத்தரவுக் காகிதம் மாண்ட்கமரிக்கு வந்து சேர ஐந்து வாரங்கள் ஆயின. கார்களோ தடையில். பேருந்தில் ஏறலாமா? ஏறவில்லை. அக்கம்பக்கத்தார் தம்முள் பேசிவைத்துக்கொண்டு, இருந்த வண்டியில் ஏறினர், மற்றவர் நடந்தனர். டிசம்பர் 20 அன்று உத்தரவு வந்தது. 21ஆம் நாள் விடியற்காலை, கிங் வீட்டருகே முதல் பேருந்து நின்றது. முன்வாயிலில் ஏறி, கட்டணம் செலுத்தி, முன்னிருக்கையில் அமர்ந்தனர்.

அதன் பிறகும் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாலை வண்டிகளைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். ரோசா பார்க்ஸுக்கு அந்நகரில் நிலையான வேலை கிடைக்கவில்லை. 1957இல் கணவரையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மீண்டும் தையல் வேலைக்குப் போனார்.