இளையோர் கால்பந்து: பாங்காக் முதல் அகமதாபாத் வரை

(இளைஞர் நலப் பணி அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நம் நாட்டின் இளையோர் கால்பந்துக் குழு சர்வதேசப் போட்டிகளில் பெற்றுள்ள வெற்றி தோல்விகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பை அறிவித்ததும் பின் வரிசையில் சிலர் புன்னகை செய்ததைக் கவனித்தேன். 'இதற்கு ஐந்து நிமிடம் போதுமே' என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன். மாவட்டத் தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்தவன். ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வழக்கம் எங்கள் இனத்துக்குக் கிடையாது.

1974-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பாங்காக் நகரில் ஆசிய இளையோர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. ஒரு பக்கம் ஈரான். மறுபக்கம் இந்தியா. ஐதராபாத்தைச் சேர்ந்த ஷபீர் அலி நம் தலைவர். அருண் கோஷ் பயிற்சியாளர். ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. இரு நாடுகளும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. ஆசிய இளையோர் போட்டியில் நாம் பெற்ற பட்டம் அது ஒன்றுதான். இந்த அரங்கில் அதை அறிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும் என்பதை நான் ஊகிக்க முடியும், ஆகையால் கேட்கவில்லை. ஷபீர் அலிக்குத் தியான் சந்த் விருது 2011-இல் கிடைத்தது. இடையில் முப்பத்தேழு ஆண்டுகள்!

அந்தப் போட்டி 1959-இல் மலேயாவின் துங்கு அப்துல் ரகுமான் அவர்களின் முயற்சியால் கோலாலம்பூரில் தொடங்கியது. உலக அளவில் இளையோருக்கெனத் தனிப் போட்டி அப்போது இல்லை. 1977-இல் துனீசியாவில் உலக இளையோர் போட்டியும், 1985-இல் சீனாவில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியும் தோன்றின. அதன் பிறகு ஆசியப் போட்டி உலக அரங்குக்குச் செல்லும் வாயிலாக மாறிற்று. வாயிலின் மதிப்பு உயர்ந்ததும் மற்ற நாடுகள் தங்கள் ஏற்பாடுகளை மாற்றிக்கொண்டன. நாமோ போட்டி நெருங்கும்போது முகாம் கூட்டி, முடிந்ததும் கலைக்கும் பழக்கத்தை நெடுங்காலம் விடவில்லை. விளைவு என்னவெனில், இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 2025 முடிய நாம் ஒருமுறையும் ஆடியதில்லை. பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஒரே முறை ஆடினோம். அதுவும் தகுதிச் சுற்றில் வென்று அல்ல, போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையால்.

அந்த ஒரே முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2017 அக்டோபர் 6 முதல் 28 வரை தில்லி, கொல்கத்தா, நவி மும்பை, கொச்சி, குவாஹாத்தி, மட்காவ் ஆகிய ஆறு நகரங்களில் ஆட்டங்கள் நடைபெற்றன. நம் ஆட்டங்கள் மூன்றும் தில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. எண்களாக மட்டும் பார்த்தால் மூன்று தோல்விகள். அடித்தது ஒன்று, வாங்கியது ஒன்பது.

ஆயினும் அக்டோபர் 9-ஆம் நாள் நடந்த கொலம்பியா ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்குச் சற்று முன்பு ராகுல் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான்கு அங்குலம் உள்ளே சென்றிருந்தால் நாம் முன்னணியில் இருந்திருப்போம். இடைவேளை முடிந்ததும் கொலம்பியா ஒரு கோல் அடித்தது. 82-ஆவது நிமிடத்தில் நமக்கு ஒரு கார்னர். பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் பந்தை உதைக்க, மணிப்பூரின் ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் முட்டினார். உலகக் கோப்பை என்ற பெயருள்ள போட்டியில் இந்தியா அடித்த முதல் கோல் அது. மைதானமே எழுந்து நின்றது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடத்திலேயே கொலம்பியா மீண்டும் அடித்துவிட்டது.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் மாணவர்களுக்குப் பாடமாக வைப்பேன். கோல் அடித்தவுடன் மீண்டும் தற்காப்பில் ஒழுங்காக நிற்க வேண்டும் என்பது பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்த விதி. தெரிந்திருப்பது வேறு, எண்பதாவது நிமிடத்தில் களைத்த கால்களோடு அதைக் கடைப்பிடிப்பது வேறு. அது கடினமான ஆட்டங்களை மீண்டும் மீண்டும் ஆடிய கால்களுக்கே வாய்க்கும். எதிரணியினர் சிறு வயது முதல் வாரந்தோறும் லீக் ஆட்டம் ஆடி வளர்ந்தவர்கள். நம் சிறுவர்கள் ஜெர்மன் பயிற்சியாளர் நிக்கோலாய் ஆடமிடமும், 2017-இல் அவருக்குப் பின் வந்த போர்ச்சுக்கல் நாட்டவர் நோர்ட்டன் டி மாடோசிடமும் சில ஆண்டுகள் தீவிரமாகப் பயின்றவர்கள். சில ஆண்டுகளை வைத்துப் பத்தாண்டுகளை ஈடுசெய்ய முயன்றோம். 0-4 என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. கோல் அடித்த அதே ஜீக்சன் சிங் முதலில் திரட்டப்பட்ட குழுவில் இல்லை, பிற்பாடு சேர்க்கப்பட்டவர். தேர்வு என்பதை ஒருநாள் திருவிழாவாக நடத்தும் அலுவலர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

அந்தப் போட்டியைக் காண பதின்மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கால்பந்துக்கு நம் நாட்டில் ஆதரவில்லை என்று கோப்பில் எழுதுவோர் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கட்டும்.

அடுத்த ஆண்டு, 2018, எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு. ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டின் வலென்சியா பகுதியில் நடந்த கோட்டிஃப் போட்டியில் நம் இருபது வயதுக்குட்பட்டோர் குழு அர்ஜென்டினாவை 2-1 என வென்றது. தீபக் டாங்ரி ஒன்று, அன்வர் அலி ஒன்று. இரண்டாம் பாதியின் பெரும்பகுதியில் நம் பக்கம் பத்துப் பேர்தான் ஆடினார்கள். எதிரணியின் பயிற்சியாளராக நின்றவர் லியோனல் ஸ்கலோனி. 2022-இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தவர். அதே மாதம் ஜோர்டானில் நம் பதினாறு வயதுக்குட்பட்டோர், அப்போது ஆசிய வெற்றியாளராயிருந்த ஈராக்கை 1-0 என வென்றார்கள். ஒரு வெற்றியைத் தற்செயல் எனலாம். ஒரே மாதத்தில் இரண்டு என்றால், 2017-க்காகச் செய்த செலவில் ஒரு பகுதியேனும் நிலத்தில் இறங்கியிருந்தது என்று பொருள்.

இந்தப் பதினாறு வயதுக் குழுதான், பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியில், அதே ஆண்டு மலேசியாவில் ஆசியப் போட்டியில் ஆடியது. வியட்நாமை 1-0 என வென்று, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் கோலின்றிச் சமன் செய்து, காலிறுதிக்கு வந்தது. காலிறுதியில் வென்றிருந்தால் 2019 உலகப் போட்டிக்கு நாம் தகுதியால் சென்றிருப்போம். தென் கொரியா 1-0 என வென்றது. ஒரு கோல்! 2025 முதல் உலகப் போட்டியில் 48 நாடுகள் இடம்பெறுகின்றன. இன்றைய ஏற்பாட்டில் ஆசியக் காலிறுதியை எட்டினாலே அங்கு இடம் உண்டு. அந்தச் சிறுவர்கள் ஏழாண்டு முந்திப் பிறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தெற்காசியப் போட்டிகளில் நாம் அடிக்கடி வெல்கிறோம். 2022-இல் கொழும்பில் பதினேழு வயதுக்குட்பட்டோர் நேபாளத்தை 4-0 என வென்றனர். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அளவுகோல் கொண்டு ஆசியாவை அளக்கக் கூடாது. மறு ஆண்டே தாய்லாந்தில் ஜப்பான் நம்மை 8-4 என வென்றது. அதிலும் கவனிக்க வேண்டியது எட்டு அல்ல, நான்கு. ஜப்பானுக்கு எதிராக நான்கு கோல் அடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு எட்டைத் தடுக்கத் தெரியவில்லை. முன்னே ஓடுவதைத் தெருவிலும் வயல்வெளியிலும் கற்கலாம். தற்காப்பைப் பதினொரு பேர் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஆடித்தான் கற்க முடியும்.

பெண்கள் குழுவைச் சொல்லாமல் போனால் பாதி வரலாறுதான் சொன்னதாகும். 2022-இல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகப் போட்டியை நாம் நடத்தினோம். புவனேசுவரத்தில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்த ஆகஸ்டில்தான் நிர்வாகக் குழப்பத்தின் காரணமாக உலகச் சம்மேளனம் நம் சம்மேளனத்தைப் பதினொரு நாட்கள் விலக்கி வைத்திருந்தது. போட்டி நம் நாட்டில் நடக்குமா என்றே தெரியாத நிலையில் அந்தப் பெண்கள் முகாமில் இருந்தார்கள். பெரியவர்கள் செய்ததற்குச் சிறுமிகள் தூக்கம் இழந்தார்கள். தலைவி அஸ்தம் ஒராவ்ன் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தவர். 2017 ஆண்கள் குழுவின் இருபத்தொருவரில் எட்டுப் பேர் மணிப்பூரிலிருந்து வந்ததைப் போல, பெண்கள் குழுவில் ஜார்க்கண்டின் பங்கு பெரிது. திட்டங்கள் கடைசியாகச் சென்று சேரும் இடங்களிலிருந்தே தேசியக் குழுவுக்கு முதலில் ஆட்கள் வருகிறார்கள். 2025 அக்டோபரில் பிஷ்கெக் நகரில் உஸ்பெகிஸ்தானை 2-1 என வென்று, அடுத்து வந்த பெண்கள் குழு தகுதிச் சுற்றின் வழியாகவே ஆசியப் போட்டிக்கு முன்னேறியது. மறு மாதம் அகமதாபாத்தில் ஆண்கள் குழு ஈரானை அதே 2-1 என வென்று 2026 ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 1974-இல் நாம் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட அதே ஈரான்.

பதினேழு வயது முடிந்த பிறகு என்ன ஆகிறது? இதுவே பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. 2017 குழுவினருக்காக இந்தியன் ஆரோஸ் என்ற அணியை மீண்டும் அமைத்து ஐ-லீகில் ஆட விட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என வென்றது. வளர்ந்த ஆட்டக்காரர்களோடு வாரந்தோறும் மோதும் வாய்ப்பு அது. 2022-இல் அந்த அணி கலைக்கப்பட்டது. ஜீக்சனும் அன்வர் அலியும் சுரேஷ் சிங்கும் மூத்தோர் குழுவை எட்டினார்கள். அன்வர் அலிக்கு இதயக் கோளாறு கண்டறியப்பட்டு, நீதிமன்றம் வரை சென்று திரும்பவும் ஆடியது தனிக் கதை. எட்டாதவர்கள் பலர். பள்ளிப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு முகாமுக்கு வந்த ஒருவன் பதினெட்டில் வெளியேறினால் கையில் என்ன இருக்கும் என்பதற்கு விடை நம் கோப்புகளில் இல்லை. முகாமிலேயே பள்ளித் தேர்வு எழுத ஏற்பாடு வேண்டும் என்று நான் சொன்னபோது ஓர் உயர் அலுவலர், 'இது விளையாட்டுத் துறை' என்றார். கல்வித் துறையில் கேட்டேன். அவர்கள் சொன்னதையும் நீங்கள் ஊகிக்கலாம்.

கடைசியாக என் தவறு ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தேர்வில் நல்ல உயரமான பையன் ஒருவன் வந்தான். சான்றிதழ்ப்படி பதினைந்து வயது. மீசை அதற்கு ஒப்பவில்லை. அவன் இருந்தால் கோப்பை நமக்கு என்று தெரிந்ததால் கையெழுத்திட்டேன். கோப்பையும் வந்தது. அவனுக்காக ஒதுக்கப்பட்ட சிறுவன், உண்மையாகவே பதினைந்து வயதினன், அதன் பின் மைதானத்துக்கு வரவில்லை. இன்று சர்வதேசப் போட்டிகளில் மணிக்கட்டு எலும்பின் முதிர்ச்சியைக் காந்த அலைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். 2009-இல் நைஜீரியா தன் நாட்டில் நடந்த உலகப் போட்டிக்கு முன்பு இந்தச் சோதனையால் தன் ஆட்டக்காரர் பலரை நீக்க நேர்ந்தது. மாவட்டத்தில் தப்பியவன் அங்கே அகப்படுவான்; அதற்குள் உண்மையான வயதுக்காரன் ஐந்தாண்டை இழந்திருப்பான்.

ஆகவே அலுவலர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தில் தேர்வு நடக்கும்போது அன்றைக்குக் கொண்டு வரும் சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள். அவன் முதல் வகுப்பில் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை வரவழையுங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் வயதைக் கால்பந்துக்காக யாரும் மாற்றி எழுதியிருக்க மாட்டார்கள். வரவழைக்க இரண்டு வாரம் ஆகும். தேர்வு நாளை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்.