கையெழுத்து வாங்காம சரக்கை இறக்காதீங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் மயிலாப்பூர் தையல் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அரசாங்க ஆர்டர், கம்பெனி ஆர்டர் எப்படி வாங்குவது என்று பேசச் சொன்னார்கள். ஆர்டர் வாங்குவதைவிட, அதற்குப் பணம் வாங்குவது பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். ஏன்னா, அடிபட்டது அங்கேதான்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். மாட வீதிப் பக்கம் கொலு சமயத்தில் தாம்பூலப் பை தைத்துக் கொடுப்போம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. உடனே துணிப்பைக்கு நல்ல கிராக்கி. ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கருத்தரங்குக்கு 2,000 பை, ஒரு பை 42 ரூபாய். எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. பெரிய இடம், போனில் சொன்னால் போதாதா என்று நினைத்தோம். சௌகார்பேட்டையில் துணி எடுக்கக் கையில் காசில்லை. என் இரண்டு வளையலை அடகு வைத்து 40,000 ரூபாய் வாங்கினேன். ராத்திரி பகலாகத் தைத்து, பிப்ரவரியில் மினி வேனில் கொண்டுபோனோம். “இங்கேயே இறக்கிட்டுப் போங்கம்மா” என்றார் வாட்ச்மேன். இறக்கிவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த மாதம், ஆர்டர் சொன்ன அதிகாரிக்கு மாற்றல். புதிதாக வந்தவர், “யார் கேட்டாங்க? யார் வாங்கினாங்க? பேப்பர் எங்கே?” என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. 84,000 ரூபாய்க்காக 13 மாதம் நடந்தோம். குழுவின் வங்கித் தவணை நிற்கக்கூடாது என்று ஒரு தங்கச்சி பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் பணத்தை எடுத்துக் கட்டினாள். கடைசியில், கருத்தரங்கில் எல்லார் கையிலும் எங்கள் பை இருந்த போட்டோவைக் காட்டித்தான் பணம் வாங்கினோம். ஊரடங்குக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. அதற்குள் வளையல் மூழ்கிப் போச்சு.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு சட்டம் 2006-லேயே வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாகத் தரவேண்டும். இந்தப் புகாரை விசாரிக்கவே தனி மன்றம் இருக்கிறது. இணையத்திலேயே மனு போடலாம். ஆனால் பதிவு வேண்டும், ஆர்டர் வேண்டும், சரக்கு போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி வேண்டும். எங்களிடம் மூன்றும் இல்லை.

பதிவு என்றால் உத்யம் பதிவு. 2020 ஜூலையிலிருந்து நடக்கிறது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கிற புரோக்கரிடம் போகாதீங்க. சுய உதவிக் குழுவாகவும் பதியலாம், தனி ஆளாகவும் பதியலாம். ஒன்று மட்டும் கவனம். பெயர் நம்முடையது, போன் நம்பர் வீட்டுக்காரருடையது என்று வைக்காதீங்க. ஓ.டி.பி. யார் செல்லுக்குப் போகிறதோ, கடை அவர் கையில்தான்.

இனி, யார் நம்மிடம் வாங்குவார்கள்? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருஷத்தில் வாங்குவதில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. 2019 ஏப்ரலிலிருந்து இது விதி. நுங்கம்பாக்கத்தில் இந்தியன் ஆயில், தேனாம்பேட்டையில் சென்னை பெட்ரோலியம், எல்லாம் நம்ம பக்கத்தில்தான் இருக்கின்றன. டெண்டர் பேப்பர் இலவசம், முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். ஆனால் நாமே செய்த பொருளாகவோ, நாமே செய்யும் சேவையாகவோ இருக்கணும். வாங்கி விற்பதற்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு சலுகையும் உண்டு. பெரிய கம்பெனி ஒரு பை 40 ரூபாய் என்று போட்டிருக்கிறது, நாம் 45 போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். நம் விலை அவர்கள் விலையைவிட 15 சதவீதத்துக்குள், அதாவது 46 ரூபாய்க்குள் இருப்பதால், 40 ரூபாய்க்கே தர ஒத்துக்கொண்டால் ஆர்டரில் கால் பங்கு நமக்குக் கிடைக்கும். ஒத்துக்கொள்ளும் முன் துணி, நூல், கூலி, வண்டி வாடகை எல்லாம் கணக்குப் போடுங்கள். 40-ல் கட்டவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்வதில் அவமானம் இல்லை.

இதற்கெல்லாம் ஜெம் என்ற அரசு இணையச் சந்தை இருக்கிறது. அதில் பெண்கள் பொருளுக்கு ‘வுமனியா’ என்று தனிப் பகுதி. மாநில அரசு, மாநகராட்சி டெண்டருக்கு விதி வேறு. அந்தந்த டெண்டர் பேப்பரைப் படித்துத்தான் இறங்க வேண்டும்.

தனியார் கம்பெனிக்கும் ஒரு பிடி உண்டு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, நமக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வரைக்கும் அந்தத் தொகையை அவர்கள் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. அதனால் பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். அவர்கள் கணக்காளர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

விதி வந்ததும் எல்லாம் தானாக நடந்துவிடாது. அமெரிக்காவில் அரசு ஒப்பந்தத்தில் 5 சதவீதம் பெண்களின் சிறு நிறுவனங்களுக்கு என்று 1994-ல் இலக்கு வைத்தார்கள். அதை முதன்முதலில் எட்டியது 2015-ல். அங்கேயே அப்படி. நாம் கேட்காவிட்டால் நம்ம 3 சதவீதமும் பேப்பரில்தான் இருக்கும்.

2022-ல் அடையாறு பக்கம் ஓர் இடத்திலிருந்து 600 பைக்கு ஆர்டர் வந்தது. “பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புங்க சார், அப்புறம் துணி வெட்டுறோம்” என்றேன். சொல்லும்போது கை நடுங்கியது. அவர் கோவித்துக்கொள்ளவில்லை, மறுநாளே அனுப்பினார். டெலிவரி சலானில் பெயர், தேதி, சீல், கையெழுத்து வாங்கின பிறகுதான் மூட்டையை இறக்கினோம். 38-ஆம் நாள் பணம் கணக்கில் விழுந்தது.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். எழுத்தில் ஆர்டர் வைத்திருக்கும் குழுவுக்கு, துணியோ மளிகையோ வாங்க நம்ம நிதியிலிருந்து முன்பணம் கொடுங்கள். பில் பணம் வந்ததும் குழு திருப்பிக் கட்டட்டும். இந்தத் தீர்மானத்தை இன்றைக்கே எடுத்தால், அடுத்த ஆர்டருக்கு எந்த அக்காவும் வளையலைக் கழற்ற வேண்டாம்.