எண்ணெயும் நம் பாலும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, வீடு, போனஸ் என்று பேச வேண்டிய மேடையில் எண்ணெயைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். சமையல் எண்ணெய் அல்ல. பூமிக்கடியிலிருந்து இறைக்கும் எண்ணெய். இதுவும் கூலிப் பேச்சுத்தான். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

விடியுமுன் பெரட்டுக்கு நாம் ஏறிப்போகும் மோட்டார் சைக்கிள் பெட்ரோலில் ஓடுகிறது. மழைநீர் வெட்டுப்பட்டையில் இறங்காமலிருக்க மரத்தில் கட்டுவது பிளாஸ்டிக் தாள். பால் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியாவும், மரத்துக்குப் போடும் யூரியாவும் எண்ணெயோடு உடன்பிறந்த எரிவாயுவிலிருந்து வருபவை. பாலை ஏற்றிப்போகும் லாரிக்கு டீசல். மரத்திலிருந்து மங்கில் வடிவது ஒன்றுதான் வெயிலும் மழையும் தந்தது. அதைக் கடைவீதிக்குக் கொண்டுசேர்க்க எண்ணெயின் தயவு வேண்டியிருக்கிறது.

அந்த எண்ணெயே நம் பாலுக்குப் போட்டியாளனும் ஆகும். இது எப்படி வந்தது? 1942இல் ஜப்பானியர் மலாயாவையும் அண்டை நாடுகளையும் பிடித்ததும், அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நின்றுபோயிற்று. அந்நாட்டு அரசாங்கம் செயற்கை ரப்பரில் முழுமூச்சாய் இறங்கியது. 1941இல் அங்கே பொது உபயோகச் செயற்கை ரப்பர் 231 டன்தான். 1945இல் மாதத்துக்கு 70,000 டன்! இதில் வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் அதன் மூலப்பொருளில் பெரும்பங்கு தானியத்தை வடித்த சாராயத்திலிருந்து வந்தது, எண்ணெயிலிருந்து அல்ல. பிறகு எண்ணெய் மலிவென்று கண்டு சாராயத்தைக் கைவிட்டார்கள். எண்ணெயை மாற்ற வழியில்லை என்பவர்களுக்கு இது ஒரு பதில். வழி இருந்தது, விலைதான் கட்டவில்லை.

இன்று உலகம் உபயோகிக்கும் ரப்பரில் பாதிக்குச் சற்றுக் குறைவே மரத்துப்பால். மிச்சம் எண்ணெயில் பிறந்தது. ஆகையால் எண்ணெய் மலிந்தால் செயற்கை ரப்பர் மலிகிறது. நம் பாலின் விலையையும் கீழே இழுக்கிறது. 2014இல் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போனது. அந்த ஆண்டுகளில் ரப்பர் விலை கிடந்த கிடையை நாம் மறக்கவில்லை. எண்ணெய் மட்டுமே காரணமல்ல. பல நாடுகளில் முன்பு நட்ட மரங்கள் பாலுக்கு வந்த காலமும் அதுதான். ஆயினும் எண்ணெய் ஏறினால் செலவில் அடி, இறங்கினால் வரவில் அடி. இரண்டு பக்கமும் தோல் உரிவது மத்தளத்துக்கே.

சரி, எண்ணெயை விட்டுவிடலாமே என்று பட்டணத்தில் பேசுகிறார்கள். பூமி சூடேறுவது உண்மை, விடத்தான் வேண்டும். செம்பனை எண்ணெயை டீசலில் கலப்பதும் நடக்கிறது. 2019இல் நூற்றுக்குப் பத்து பங்கு கலக்கத் தொடங்கினார்கள். செக்ரோல் எழுதும் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2024இல் மலேசியா முழுவதும் உற்பத்தியான செம்பனை எண்ணெய் ஏறத்தாழ 1 கோடியே 93 இலட்சம் டன். டன்னுக்கு ஏழு பீப்பாய் என்று வைத்தாலும் பதின்மூன்றரைக் கோடிப் பீப்பாய். உலகம் ஒரு நாளைக்குக் குடிக்கும் பூமியெண்ணெயோ பத்துக் கோடிப் பீப்பாய். நாட்டிலுள்ள செம்பனை அத்தனையும் ஓராண்டு காய்த்தாலும் உலகத்தின் ஒன்றரை நாள் தாகத்துக்குக் காணாது!

மின்சாரக் கார் வந்தால்? அதற்கும் டயர் வேண்டும். கனம் கூடிய வண்டி, டயர் விரைவில் தேயும். செயற்கை ரப்பரின் இடத்தையும் மரத்துப்பாலே நிரப்பவேண்டுமென்றால் இப்போதிருக்கும் மரத்தைப்போல் இன்னொரு மடங்கு நடவேண்டும். நட்ட கன்று உளி காண ஐந்தாறு ஆண்டாகும். காடு எங்கே? வெட்ட ஆள் எங்கே? வெட்டாமல் புதர் மண்டிக் கிடக்கும் தோப்புகள் இந்நாட்டில் இன்றே எத்தனை! விலை இல்லாததால் நம் பிள்ளைகள் உளியைத் தொட மறுக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாய் வரவில்லை.

தோழர்களே, மாற்றம் நமக்குப் புதிதல்ல. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது ஏக்கருக்கு வேண்டிய ஆள் குறைந்தது. வேலை போனவனுக்கு லயத்து வீடும் போயிற்று. அன்று முடிவெடுத்த மேசையில் நமக்கு நாற்காலி இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே இரவில் ஏறியது. மானியம் பணக்காரனுக்கும் போகிறது, கடத்தலுக்கும் போகிறது என்று அரசாங்கம் சொன்னது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் லாரிக் கூலி ஏறியபோது அரிசியும் காய்கறியும் எந்தக் கடையில் ஏறின, நம் சம்பளம் அந்த மாதம் எங்கே நின்றது என்பதை எழுதி வைத்தவர் யாருமில்லை.

ஆகவே ஒரு சிறு வேலை. வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் பெட்ரோல், கேஸ், உரம், சாமான் செலவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எழுத வராதவர்கள் சாயங்காலம் ஆபீசுக்கு வாருங்கள், கிராணிமார் எழுதித் தருகிறோம். மூன்று மாதக் கணக்குச் சேர்ந்ததும், அடுத்த சம்பளப் பேச்சில் முதலாளிமார் முன் வைக்கும்படி அதைத் தலைமையகத்துக்கு அனுப்புவோம். நோட்டுப் புத்தகங்கள் வாசலில் இருக்கின்றன. போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.